பட்டா அண்ணன் பேரில், பங்கு யார் பேரில்?

நிலம், பத்திரம், பட்டா: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். "ரிஜிஸ்டர் ஆகிவிட்டதே, இனி என்ன செய்ய முடியும்?" என்று சிலர். "ரிஜிஸ்டர் ஆகிவிட்டதே, இனி பயமில்லையே?" என்று சிலர். இருபத்தொன்பது வருடம் பதிவு மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இருவருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்தாரா, அவர்தான் என்பதற்கு அடையாளம் இருக்கிறதா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்வதுதான் சார்பதிவாளரின் அடிப்படை வேலை. சொத்து யாருடையது என்று தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் அமைப்பே அப்படித்தான். விற்றவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அவ்வளவுதான் வாங்கியவருக்கு வரும். முத்திரை அதைக் கூட்டிக் கொடுக்காது. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

வாசகி, மன்னார்குடி

ஐயா, என் அப்பா 2014-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். மூன்று ஏக்கர் நஞ்சை. அதில் ஒன்றரை ஏக்கர் அப்பா 1984-இல் சொந்தமாகக் கிரயம் வாங்கியது. மீதி ஒன்றரை ஏக்கர் தாத்தா வழி வந்தது. தாத்தா இறந்தது 1969-இல். அம்மா இருக்கிறார். எனக்கு இரண்டு அண்ணன்கள். போன வருடம் பார்த்தால் மூன்று ஏக்கருக்கும் பட்டா அண்ணன்கள் பேருக்கு மாறியிருக்கிறது. கேட்டால், "உன் கல்யாணம் 1986-இல் முடிந்துவிட்டது, 1989 சட்டத்தில் உனக்குப் பங்கில்லை. அப்போதே முப்பது பவுன் போட்டாச்சு" என்கிறார்கள். இதுவரை ஒவ்வொரு அறுவடைக்கும் நாலு மூட்டை நெல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது, "பட்டாவை ஒழுங்குபடுத்த ஒரு கையெழுத்துப் போடு, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வா" என்று கூப்பிடுகிறார்கள். போகலாமா?

போகாதீர்கள் அம்மா. அவர்கள் நீட்டப்போகும் காகிதத்தை முன்னதாக வாங்கி, உங்கள் வக்கீலிடம் படிக்கக் கொடுக்காமல் அந்தப் படியை மிதிக்காதீர்கள். பட்டாவை ஒழுங்குபடுத்த ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து தேவையில்லை. பட்டா தாசில்தார் அலுவலக வேலை. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால், அநேகமாக அது விடுதலைப் பத்திரம்.

எனக்கு மறக்க முடியாத ஒரு காட்சி உண்டு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். கட்டைவிரலில் மை பூசியாகிவிட்டது. வழக்கமாகக் கேட்பது போல, "இது என்ன பத்திரம்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "பயிர்க்கடனுக்குன்னு அண்ணன் சொன்னாங்க" என்றார். மற்ற இருவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பத்திரத்தின் மூன்றாவது பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "என் பாகத்தை இன்று முதல் விடுதலை செய்து, இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் இல்லை" என்ற வரி வந்ததும், மைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அன்று நான் கேட்டேன். நாற்பது டோக்கன் இருக்கிற முகூர்த்த நாளில் எல்லா மேசையிலும் அந்தக் கேள்வி கேட்கப்படும் என்று நினைத்துக்கொண்டு யாரும் வரக்கூடாது.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். அப்பா சொந்தமாக வாங்கிய ஒன்றரை ஏக்கரில் அண்ணன்கள் சொல்கிற 1989 சட்டத்துக்கும், பிறகு வந்த 2005 திருத்தத்துக்கும் வேலையே இல்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த நாளிலிருந்தே, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச்சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். மகளுக்குக் கல்யாணம் ஆனதா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பாட்டி முன்பே காலமாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அம்மா, நீங்கள், அண்ணன்கள் இருவர் என்று நாலு சம பங்கு. 150 சென்ட்டில் உங்களுக்கு முப்பத்தேழரை.

தாத்தா வழி நிலத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் ஊரில் தாத்தாவிடமிருந்து வந்த எல்லாவற்றையும் பூர்வீகம் என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. அந்த நிலம் தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கியதாக இருந்து, அவர் 1969-இல், அதாவது 1956 சட்டத்துக்குப் பிறகு, உயில் இல்லாமல் இறந்திருந்தால், அது உங்கள் அப்பா கைக்குத் தனிச்சொத்தாகவே வந்திருக்கிறது. அப்போது இதிலும் நாலில் ஒரு பங்குதான். தாத்தாவுக்கும் அவருடைய அப்பன் பாட்டன் வழியில் வந்து, கூட்டுக் குடும்பச் சொத்தாகவே தொடர்ந்திருந்தால் கணக்கு வேறு. அப்பா, நீங்கள், அண்ணன்கள் இருவர் என்று நால்வரும் சம பங்குதாரர்கள். அப்பாவின் கால் பங்கு மறுபடி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்குமாக நாலாகப் பிரியும். அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் பதினாறில் ஐந்து, அதாவது ஏறக்குறைய 47 சென்ட். அம்மாவுக்குப் பதினாறில் ஒன்று. ஆகவே தாத்தா பேரில் உள்ள மூலப் பத்திரத்தை முதலில் தேடுங்கள். அது கிரயமா பாகப்பிரிவினையா என்பதில் உங்களுக்கு ஒன்பது சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

அண்ணன்கள் சொல்கிற 1989 சட்டம் உண்மையானதுதான். தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அந்தத் திருத்தம் 25.3.1989 முதல் அமலானது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தரவில்லை. ஆனால் மத்திய அரசின் 2005 திருத்தம், அந்த வருடம் செப்டம்பர் 9 முதல், கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்ற வேறுபாட்டையே எடுத்துவிட்டது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அப்பா 2014 வரை இருந்ததால் உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. 20.12.2004-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்ற டிக்ரியோ இருந்தால் மட்டும் நிலைமை மாறும். வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான நடவடிக்கைகளின் பட்டியல், போட்டுப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முப்பது பவுன் உங்கள் அப்பா உங்களுக்குச் செய்த சீர். அதை வாங்கியதால் நிலத்தில் பங்கு போய்விட்டதாக எந்தச் சட்டத்திலும் இல்லை.

பட்டா மாறியதால் உங்கள் உரிமை போகவில்லை. வரி வசூலுக்கும் அனுபவத்துக்கும் வருவாய்த்துறை வைத்திருக்கும் கணக்கு அது. எந்த வாரிசுச் சான்றிதழை வைத்து மாற்றினார்கள் என்று அதன் நகலை வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் பெயரையே விட்டிருந்தால் அதுவே பெரிய ஆதாரம். பட்டா மாற்ற உத்தரவை எதிர்த்து கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உரிமையே தகராறு என்று வந்துவிட்டால் அவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்வார்கள். பாகப்பிரிவினை வழக்குதான் முடிவான வழி.

அந்த நாலு மூட்டை நெல்லைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவம் என்பது விதி. நெல் வந்துகொண்டிருந்தது என்றால் உங்களை அவர்கள் பங்காளியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்று காட்டலாம். வழக்கிலும், கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்குக் கோர்ட் கட்டணம் குறைவு. முழுதாக வெளியேற்றப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டியிருக்கும். நெல் ஏற்றிவந்த வண்டிக்காரர், அண்ணன் அனுப்பிய வாட்ஸப் செய்தி, எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். உங்களை விலக்கிவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் காலக்கெடு உண்டு என்றாலும், அதற்குள் அவர்கள் மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால் அலைச்சல் இரட்டிப்பாகும். வழக்குப் போட்ட பிறகு விற்றால், வாங்குபவரும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்.

வாசகர், ஒட்டன்சத்திரம்

நானும் மனைவியும் 2019-இல் எங்கள் வீட்டை மகனுக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தோம். இப்போது மாடியில் ஒரு அறையைக் கொடுத்து, கரண்டைக்கூட நிறுத்தி வைக்கிறான். எனக்கு வயது 74. பத்திரத்தை நானே ரத்து செய்ய முடியுமா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் ஐயா. மகன் ஏற்றுக்கொண்ட செட்டில்மென்ட்டை நீங்கள் மட்டும் போய் ரத்துப் பத்திரம் எழுதி அழித்துவிட முடியாது. ஆனால் வழி இருக்கிறது. 2007-ஆம் வருடப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்து, அந்த நிபந்தனை மீறப்பட்டால், ஏமாற்றிப் பெற்றதாகக் கருதப்படும். உங்கள் கோட்டத்துத் தீர்ப்பாயத்தில், அதாவது கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில், வெள்ளைத் தாளில் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கரண்ட் விஷயத்தையும் அதே மனுவில் எழுதுங்கள்; பராமரிப்புத் தொகையும் கேளுங்கள்.

அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வியாக வரும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 2-இல் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்கு அனுகூலமாகவே படிக்க வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிய தானத்தை ரத்து செய்ததைச் சரி என்றது. அங்கே, கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்த காகிதம் கைகொடுத்தது. உங்கள் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். "என்மீது வைத்துள்ள அன்பினாலும் என்னைக் கவனித்து வருவதாலும்" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதை அடிக்கோடிட்டு மனுவோடு இணையுங்கள்.

இன்னும் எழுதிக் கொடுக்காத பெற்றோருக்கு: குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்குத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் இந்த உச்சவரம்பு உயர்ந்தது. கிளம்புமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு என்று அவசரப்படாதீர்கள். இருவர் ஆயுள்வரை அனுபவ உரிமை எங்களுக்கே என்று எழுதுங்கள். பராமரிக்கத் தவறினால் சொத்து திரும்பி வரும் என்றும் எழுதுங்கள். பத்திரம் எழுதுபவர் "மாடல் இப்படித்தான் சார்" என்பார். மாடல் அவருடையது, வீடு உங்களுடையது. மனம் ஒப்பவில்லையா, உயில் எழுதுங்கள். உயிருள்ளவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

வாசகர், அவிநாசி

மனை வாங்கப் போகிறேன். தரகர் பதிமூன்று வருட வில்லங்கச் சான்று காட்டினார், சுத்தமாக இருக்கிறது. போதுமா?

போதாது. குறைந்தது முப்பது வருடம் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். பதிவான நடவடிக்கை மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. வாய்மொழிப் பாகம் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. அப்புறம், பழைய சர்வே எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. புது எண்ணுக்குச் சுத்தமாக வரும் நிலத்தின் பழைய எண்ணில் அடமானம் உட்கார்ந்திருக்கும். ஒரு காலை நேரம் நிலத்துக்கே போய், பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுங்கள். எந்தச் சான்றிலும் வராதது அவர் வாயில் வரும்.

வாசகி, பரமக்குடி

கணவரை இழந்த ஒரு பெண்ணிடமிருந்து வீடு வாங்கப் பேசியிருக்கிறோம். வீடு கணவர் சம்பாத்தியம். 15 வயது மகளுக்கும் சேர்த்து கார்டியனாகத் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார். சரிதானா?

இந்துக் குடும்பம் என்றால், மைனர் பங்கை விற்க தாயாரே ஆனாலும் மாவட்ட நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் வாங்கினால், அந்தப் பெண் மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள், அதாவது 21 வயதுக்குள், கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். இன்னொன்றையும் கேளுங்கள்: இறந்தவரின் அம்மா உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அவருக்கும் மூன்றில் ஒரு பங்கு உண்டு. மருமகள் விற்கும் பத்திரத்தில் மாமியார் கையெழுத்தை மறந்துவிட்டு, பத்து வருடம் கழித்து என்னிடம் வந்து நின்றவர்கள் பலர்.

வாசகர், துறையூர்

2009-இல் முழுப் பணமும் கொடுத்து, கிரயத்துக்குப் பதிலாகப் பொது அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் வாங்கினேன். நிலம் என்னுடையதுதானே?

இன்னும் இல்லை. பவர் பத்திரமும் ஒப்பந்தமும் சேர்ந்தாலும் கிரயம் ஆகாது என்று 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எழுதிக் கொடுத்தவர் இருக்கும்போதே அவரிடம் கிரயம் வாங்கிவிடுங்கள். அவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அத்தோடு முடிந்துவிடும்; அப்புறம் அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவர் வாசலிலும் நிற்க வேண்டும்.

வாசகர், ஆம்பூர்

என் வீட்டில் 14 வருடமாக ஒரே வாடகைதாரர். பன்னிரண்டு வருடம் ஆனதால் அவருக்கு உரிமை வந்துவிட்டது என்கிறார்.

வராது. உங்கள் அனுமதியோடு குடியிருப்பவருக்கு எத்தனை வருடமானாலும் எதிரிடை அனுபவ உரிமை வராது. வாடகை ரசீதையும் ஒப்பந்தத்தையும் விடாமல் எழுதி வையுங்கள்.

வாசகர், பெருந்துறை

2016-இல் ஐந்து சென்ட் மனை வாங்கினேன். பழைய பத்திரத்தில் "தெருவுக்கு வடக்கு" என்று இருக்கிறது. என் பத்திரத்தில் "வடக்கில் தெரு" என்று இருக்கிறது. வங்கியில் கடன் மறுக்கிறார்கள். ஒரு வார்த்தைக்கு இவ்வளவா?

அந்த ஒரு வார்த்தையில் உங்கள் மனை தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது. செக்குபந்தி என்கிற நான்கெல்லையைப் பழைய எழுத்தர்கள் ஒரு முறையில் எழுதுவார்கள். "தெருவுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு" என்றால், தெருவிலிருந்து பார்த்து உங்கள் மனை வடக்கே இருக்கிறது என்று அர்த்தம். தெரு உங்களுக்குத் தெற்கே. புதிதாகத் தட்டச்சு செய்தவர் அதை "வடக்கில் தெரு" என்று திருப்பிவிட்டார். இப்படித் திரும்பிய எல்லைகளை வாரத்துக்கு ஒன்றாவது பார்த்திருக்கிறேன். அளவுக்கும் எல்லைக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லையைத்தான் நீதிமன்றங்கள் மேலாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் வங்கி தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

இதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். உங்களுக்கு விற்றவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். போகும்போது பழைய பத்திரம், உங்கள் பத்திரம், அந்த சர்வே எண்ணின் புல வரைபடம் மூன்றையும் எடுத்துப் போங்கள். நான்கு எல்லையையும் வரைபடத்தில் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். அவர் வர மறுத்தால், பத்திரத்தைத் திருத்தித் தரச் சொல்லி சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதற்கு வருடங்கள் ஆகும். விற்றவருக்கு இப்போது 78 வயது, மகள் வீட்டில் படுக்கையாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வர முடியாதவர் வீட்டுக்கே சார்பதிவாளர் போய்ப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. மருத்துவச் சான்றோடு மனுக் கொடுத்தால் போதும். அடுத்த மாதம் என்று தள்ளாமல் இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.